ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

மனாமா, ஜுஃபைரில் ஒரு ஹோட்டல்.
இரண்டாம் எண் லிஃப்ட்
ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவே நின்றுவிட்டது.
உள்ளே ஒரே ஆள்.

ஏழாவது மாடிக் கதவை நெம்பித் திறந்து
தரையில் குப்புறப் படுத்தேன்.
ஒரு வழுக்கைத் தலை. இரண்டு கண்ணாடிகள்,
ஒன்று மூக்கில், இன்னொன்று நெற்றியில்.
பெயர் வெர்ன் கல்ஹூன் என்றார்.
பயமா என்றேன்.
ஜன்னல் இல்லாத இடம் பழக்கம்தான் என்றார்.

அப்புறம் கேட்காமலே சொன்னார்:
எட்டு எஞ்சின், ஆறு பேர்.
நாலு பேர் மேல்தட்டில்,
கீழே இருட்டில் இரண்டு. அதில் ஒருவர் இவர்.
பதினாறு மணி நேரம் ஒரு பச்சைத் திரை.
பக்கத்தில் இருந்தவனுக்குப் பல்வலி,
கிராம்பு மென்றுகொண்டே வந்தான்.
இன்றைக்கும் பிரியாணியில் கிராம்பு கடிபட்டால்
கை தானாக ஸ்விட்சைத் தேடும் என்றார்.

"மண்ணை நான் பார்த்ததே இல்லை.
திரையில் ஒரு கோடு நகரும், ஒரு புள்ளியில் வந்து நிற்கும்.
ஐம்பத்தொன்று. ஒவ்வொன்றும் முந்நூற்று நாற்பது கிலோ.
கடைசி ஒன்று போனதும்
விமானம் தானாக எழும்பும்,
பாரம் இறக்கிய மாடு மாதிரி.
வயிறு மட்டும் கீழேயே நின்றுவிடும்.
மற்றதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது.
எனக்குத் தெரிந்தது அந்த எழும்பல் ஒன்றுதான்."

(மாடு என்றது நான். அவர் சொன்னது வேறென்னவோ.)

உங்கள் லிஃப்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால்
இது எழும்புமா, என்று கேட்டார்.
எழும்பும். கயிறு சுருங்கும், ஒரு விரற்கடை.
அதைச் சரிக்கட்ட ஒரு கருவி இருக்கிறது என்றேன்.
எங்களுக்கும் இருந்தது, ஒரு சின்னச் சக்கரம், என்றார்.

அப்போதுதான் பார்த்தேன்:
என் கட்டைவிரல் வாக்கிடாக்கியின் பொத்தானை
இவ்வளவு நேரமும் அழுத்திக்கொண்டிருந்தது.

மேலே மோட்டார் அறையில் முஹ்சின்.
பஸ்ராவுக்குப் பக்கம், ஸுபைர்காரன்.
அந்தக் குளிர்காலத்தில் அவனுக்குப் பத்தொன்பது வயது,
பட்டாளத்தில் பிடித்துப் போட்டிருந்தார்கள்.
ஒரே ஒரு தடவை, ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னான்:
வானத்தில் சத்தமே கேட்காது.
தம்ளரில் டீ நடுங்கும்.
பக்கத்துக் குழியில் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள்.
பிறகு பக்கத்துக் குழி இருக்காது.

பொத்தானை விட்டேன்.
அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்.
வெகுநேரம் கழித்து, "தயார்."

கூண்டில் ஒரே ஆள்தான் என்றால் எதிர்ப்பாரம் ஜெயிக்கும்.
பிரேக்கைத் திறந்தால் லிஃப்ட் மேலேதான் போகும்.
திறந்தபடியே விட்டால் ஓட்டம் பிடிக்கும்.
நெம்புகோல் முஹ்சின் கையில்.

நாலு விரற்கடை எழும்பியது. நின்றது.
மறுபடி நாலு.
கல்ஹூன் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.
உதடுகள் எதையோ எண்ணின.
மெதுவாக என்று சொல்லுங்கள் என்றார்.
சொன்னேன்.
"இதைவிட மெதுவாக இந்த மெஷினுக்குத் தெரியாது"
என்றான் முஹ்சின்.

வெளியே வந்து ஐந்து தினார் நீட்டினார்,
மேலே இருக்கிறவருக்கும் சேர்த்து.
எந்த ஊர் அவருக்கு என்றார்.
சொன்னேன்.
சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து
மறுபடி அங்கேயே செருகினார்.
மிச்ச நாலு மாடியையும் படியில் ஏறிப் போனார்.

மோட்டார் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது:
51 × 340.
அதற்குக் கீழே × 3.
மூன்று மூன்றாகத்தான் வரும் என்றான், திரும்பாமலே.
52,020.
இன்னும் கீழே நம் லிஃப்டின் தகட்டில் உள்ளது:
13 பேர், 1000 கிலோ.
ஐம்பத்திரண்டு நடை.

அவன் பங்கை அவன் வாங்கவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
எண்ணெய் டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
வியாழக்கிழமை அது அங்கே இல்லை.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார்.
சுவரைப் பார்த்து இது என்ன என்றார்.
எடைக் கணக்கு என்றேன்.
போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார்.
சரியாகத்தான் இருக்கிறது என்று
டிக் போட்டுவிட்டுப் போனார்.